பழைய தேவாலயத்துக்குள் இருட்டைக் கெடுக்காமல் படம் எடுக்க

"அண்ணே, உள்ளே ஒரே இருட்டு, என் கேமரா தாங்காது" என்று புலம்புகிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டிரைபாட் கொண்டுபோனாயா? கொண்டுபோயிருந்தால் இருட்டு ஒரு விஷயமே கிடையாது. ஷட்டரை நாலு செகண்ட் திறந்து வைத்தால் எந்த இருட்டும் படமாகிவிடும். ஆளை அலைக்கழிப்பது ஜன்னல். பீடம் தெரிகிற மாதிரி எடுத்தால் ஜன்னல் வெள்ளையாக வெளிறிப்போகும். ஜன்னலின் வண்ணக் கண்ணாடி தெரிகிற மாதிரி எடுத்தால் பீடம் கரியாகிப்போகும். இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவதுதான் இந்த வேலையே.

நான் சேலத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறவன். கூடவே பொன்விழா மலர், நூற்றாண்டு மலர் என்று தேவாலயப் பங்குகள் அச்சடிக்கும் புத்தகங்களுக்குக் கோயில் உட்புறத்தைப் படம் எடுத்துக் கொடுப்பேன் (தேவாலயத்தைத்தான் கோயில் என்கிறேன்). சேலம் மறைமாவட்டம் உருவானது 1930-ல். அதற்கு வெகுகாலம் முன்பே பிரெஞ்சு குருக்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், லண்டன் மிஷன்காரர்களும் வந்துவிட்டார்கள். ஏற்காட்டிலோ 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி பயிரிடச் செய்ததில் தொடங்கி, தோட்டத் துரைமார், கான்வென்ட், பள்ளிக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர்கள் கூடவே கோயில்களும் வந்தன. அதனால் மலர் வேலைக்கு இங்கே பஞ்சமில்லை.

கணக்கை ஒரு தடவை பார்த்துவிடலாம். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிற நாளில் வெளியே இருக்கும் புல்தரைக்கு 1/500 செகண்ட் போதும். அதே அமைப்பில், விளக்கு எதுவும் போடாத பழைய கோயிலின் நடுப்பகுதிக்கு நாலு செகண்ட் ஆகும். இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம், ஸ்டாப் கணக்கில் பதினொன்று (வெளிச்சம் ஒரு தடவை இரட்டித்தால் ஒரு ஸ்டாப்). கூரைக்கு அடியிலும் தூணுக்குப் பின்னாலும் இருக்கிற இருட்டு இதற்கும் கீழே இன்னும் இரண்டு மூன்று ஸ்டாப். நல்ல கேமராக்களுக்கு பதிமூன்று, பதினாலு ஸ்டாப் தாங்கும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதில் கடைசி இரண்டு மூன்று ஸ்டாப்பைத் தூக்கிப் பார்த்தால் மணல் அள்ளி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை இந்த இடைவெளியைக் குறைப்பது. உள்ளே லைட் போட்டுக் குறைப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. வெளியே இருக்கிற வெளிச்சத்தைக் குறைக்கலாம். அதற்குக் காசு செலவில்லை, நேரம் தெரிந்தால் போதும்.

பனிமூட்டத்துக்குப் போங்கள்

ஏற்காட்டில் படம் எடுக்கிறவனுக்குக் கிடைத்த வரம் பனிமூட்டம். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பகோடா பாயிண்டில் ஒன்றும் தெரியவில்லையே என்று அலுத்துக்கொள்வார்கள். அதே வேளையில் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். வெளியே இருக்கிற மூட்டம் எல்லா ஜன்னலிலும் ஒரே அளவில் வெளிச்சத்தைப் பரப்பியிருக்கும். கண்ணாடி எரியாது. சில்வர் ஓக் மரங்கள் பின்னால் மங்கலாக நிற்கும். அடர்த்தியான மூட்டத்தில் வெளி வெளிச்சம் மூன்று நாலு ஸ்டாப் இறங்கிவிடுகிறது. உள்ளே அவ்வளவு இறங்குவதில்லை, ஏனென்றால் மூட்டம் வெளிச்சத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜன்னலுக்குள் தள்ளிவிடும். நல்ல நாளாக இருந்தால் ஒரே ஷாட்டில் ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்து வேலையை முடித்துவிடலாம்.

மழைக்காலம் முடிந்து, கிறிஸ்துமஸ் அலங்காரமும் கழற்றிய பிறகு, பொங்கலுக்கு முன்னே பின்னே உள்ள நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை. டிசம்பரில் போனால் குடில், ஸ்டார், சீரியல் செட் என்று எல்லாமே படத்துக்குள் வந்து நிற்கும். தவக்காலத்தின் கடைசியில் போனால் சில கோயில்களில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, ஊதாத் துணியால் மூடியிருப்பார்கள். மே மாதம் கோடை விழா கூட்டத்தில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் நகர்ந்து நகர்ந்து ஏறுவதற்குள் காலை வெளிச்சம் போய்விடும். அப்படிப் போயே ஆகவேண்டும் என்றால் குப்பனூர் வழியைப் பிடியுங்கள்.

கீழே சேலத்தில் பனிமூட்டத்தை எதிர்பார்க்க முடியாது. அங்கே நாம் நம்ப வேண்டியது திசையை. போன வாரம் எடுத்தவர் சொன்னார் என்று போகாதீர்கள், ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து பீடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். பழைய ஐரோப்பிய வழக்கப்படி பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. ஆனால் இங்கே இடத்துக்கும் ரோட்டுக்கும் தகுந்தபடி திருப்பிக் கட்டியவையும் இருக்கின்றன. பீடம் கிழக்கே இருந்து அதற்குப் பின்னால் ஜன்னலும் இருந்தால் காலையில் போகவே போகாதீர்கள், சூரியன் நேராக லென்ஸுக்குள் இறங்கும். மதியம் மூன்றரைக்கு மேல் வாசலைத் திறந்து வைத்து எடுத்தால் மேற்கு வெளிச்சம் நடுப்பாதை வழியாகப் பீடம் வரைக்கும் போகும்.

இன்னொன்று. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது, அந்தப் பக்கம் எப்போதும் பாதுகாப்பு என்று வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. சேலம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேலே. ஏப்ரல் 20-ஐ ஒட்டி உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும், ஆகஸ்ட் 22-ஐ ஒட்டித்தான் திரும்பும். மே, ஜூன் மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் வெயில் சாய்ந்து உள்ளே வரும். டிசம்பரில் அப்படியே தலைகீழ், தெற்கு ஜன்னல்கள் பகல் முழுக்கக் காயும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஃபாதரிடம் நேரம் கேட்க வேண்டும்.

கேட்காமல் எடுக்காதீர்கள்

கத்தோலிக்கக் கோயில் என்றால் பங்குத்தந்தை, சிஎஸ்ஐ சபை என்றால் ஆயர். முன்கூட்டியே போய்ப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஃபோனில் கேட்டால் பெரும்பாலும் "வாங்க பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். நேரில் போய், முன்பு எடுத்த இரண்டு படங்களைக் காட்டினால் விஷயம் முடிந்தது. திருப்பலி, ஆராதனை, ஜெபமாலை நேரங்களில் டிரைபாடைப் பிரிக்கவே கூடாது. செருப்பை வெளியே விட வேண்டிய கோயில்களில் பனிக்காலத்துத் தரை காலை வெடவெடக்க வைக்கும், சாக்ஸ் எடுத்துப் போங்கள். பீடத்தின் படி ஏறாதீர்கள். சுரூபத்துக்கு முன்னால் யாராவது மண்டியிட்டிருந்தால் அவர் எழுந்து போகிறவரை கேமராவைத் தொடாமல் உட்கார்ந்திருங்கள்.

அனுமதி கொடுப்பவர் ஃபாதர், வேலையை நடத்திக் கொடுப்பவர் கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார். எந்த சுவிட்ச் எந்த லைட், எந்தக் கதவு கீல் சத்தம் போடும், மாடத்துக்குப் போகும் சாவி எங்கே தொங்குகிறது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். மலை மேல் ஒரு பழைய தோட்டத்துக் கோயிலில், எல்லா விளக்கையும் அணைத்துவிடலாமா ஐயா என்று கேட்டதற்கு, வயதான உபதேசியார் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். பீடத்துப் பக்கம் வந்ததும் நின்று, "இந்தச் சிவப்பு விளக்கை மட்டும் கேக்காதீங்க தம்பி. பேழையில ஆண்டவர் இருக்காரு" என்றார். நற்கருணைப் பேழைக்கு அருகே எரியும் விளக்கு அது. நற்கருணை உள்ளே இருக்கிற வரைக்கும் எரிய வேண்டும். நான் பழனிக்கு மாலை போடுகிறவன், அந்த முறையெல்லாம் அன்றுதான் தெரிந்துகொண்டேன். படம் எடுத்தபிறகு பார்த்தால் அந்தச் சிவப்புப் புள்ளிதான் முழுப் படத்தையும் பிடித்து நிறுத்தியிருந்தது. இப்போதெல்லாம் அந்த விளக்கு எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் கேமராவையே வைக்கிறேன்.

உள்ளே எதை அணைப்பது, எதை நகர்த்துவது

டியூப் லைட் எல்லாம் அணைய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் வேறு நிறம், சுரூபத்தைச் சுற்றிய எல்இடி மூன்றாவது நிறம். மூன்றும் சேர்ந்தால் சுண்ணாம்புச் சுவர் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலமாகிவிடும். எந்த சாஃப்ட்வேரிலும் அதைப் பிரித்தெடுப்பது நரகம்.

ஃபேன்கள் அடுத்து. நீளக் கம்பியில் தொங்குகிற ஃபேன் நாலு செகண்ட் ஷாட்டில் சாம்பல் நிற வட்டமாகிவிடும். அதைவிட மோசம், அந்தக் காற்றில் தொங்கு விளக்குகள் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பெரிதாக்கிப் பார்க்கும்போது சங்கிலி இரட்டையாகத் தெரியும். ஃபேனை நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு, அப்புறம் எடுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி ஓரம் வைக்கலாம், உண்டியல் பக்கத்துத் துடைப்பத்தை ஒளிக்கலாம். ஃப்ளெக்ஸ் பேனரைக் கழற்றுவதற்கு மட்டும் அதற்குரியவரைக் கேளுங்கள், அதில் யார் படம் இருக்கிறது என்பதைப் பொறுத்து சண்டை வரும். மரப் பெஞ்சுகளை நேராக்குங்கள். ஒரு பெஞ்சு கோணலாக இருந்தால் படம் முழுக்கக் கோணலாகத் தெரியும்.

கேமராவை எங்கே வைப்பது

பெரும்பாலானவர்கள் நடுப்பாதையில் நின்று, கிடைத்த அகல லென்ஸை அதன் கடைசி வரைக்கும் திருகி, கூரையும் வரட்டும் என்று கேமராவை மேலே நிமிர்த்துவார்கள். தூண்கள் இரண்டு பக்கமும் உள்ளே சாயும், பீடம் தீப்பெட்டி அளவுக்குப் போய்விடும். நிமிர்த்தாதீர்கள். கேமராவின் மட்டக்கோட்டைத் திரையில் போட்டு, முன்பின், இடம்வலம் இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும்படி வையுங்கள். கூரை வேண்டுமென்றால் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள், அல்லது வாசல் வரைக்கும் பின்னால் போங்கள். முழு ஃபிரேம் கேமராவில் எனக்கு 24 மில்லிமீட்டர் போதுமானது. 16-க்குப் போனால் சிறிய மலைக் கோயில்கூட ரயில்வே கூடம் மாதிரி நீண்டுவிடும். பார்க்கிறவர்கள் "எங்க கோயில் இவ்வளவு பெருசா?" என்று சந்தோஷப்படுவார்கள்தான், ஆனால் அது அவர்கள் கோயில் கிடையாது.

வாசலுக்கு மேலே பாடகர் மாடம் இருந்தால் அதுதான் முதல் இடம். கட்டிடத்தின் பாதி உயரத்தில் கேமரா நிற்கும், நிமிர்த்தாமலே தரையும் கூரையும் வந்துவிடும், தூண்கள் நேராக நிற்கும். ஒரு எச்சரிக்கை: மாடத்தின் தரை மரப்பலகை. ஷட்டர் திறந்திருக்கும்போது நீங்கள் கால் மாற்றினால் கேமராவும் அசையும். டிரைபாடின் மூன்று காலையும் உத்தரத்துக்கு மேல் வருகிற பலகையில் ஊன்றி, பட்டனை அழுத்திவிட்டு மூச்சை அடக்கி நில்லுங்கள். கீழே தரையில் எடுப்பதானால், கால்களுக்கு ரப்பர் முனை அவசியம். அந்தச் சிவப்பு சிமென்ட் தரையை யாரோ வருஷக்கணக்காக மெழுகித் துடைத்து வைத்திருக்கிறார்கள், கீறல் விழக்கூடாது. டிரைபாடின் நடுக்கம்பியை மேலே தூக்காதீர்கள்.

இனி அமைப்பு. ரா ஃபைல். ஐஎஸ்ஓ 100. எஃப் 8. லென்ஸில் உள்ள நடுக்கக் குறைப்பை அணைத்துவிடுங்கள், டிரைபாட் மேல் அது சும்மா இருக்காமல் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு செகண்ட் டைமர். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருக்கும். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, மெழுகுவர்த்தித் தண்டின் ஓரத்திலோ பீடத்தில் செதுக்கிய எழுத்திலோ கையால் ஃபோகஸ் செய்து, அப்படியே விட்டுவிடுங்கள். அதுவும் முடியாத இருட்டென்றால், 24 மில்லிமீட்டரில் எஃப் 8 வைத்து இரண்டரை மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும்.

மூட்டம் இல்லாத நாளில் ஒரே ஷாட் போதாது, பிராக்கெட் எடுக்க வேண்டும், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு ஷட்டர் நேரத்தில் பல ஷாட்டாக. இங்கேதான் பலரும் நேரத்தை வீணாக்குகிறார்கள். உள்ளே சரியாகத் தெரிகிற நாலு செகண்டை நடுவில் வைத்து மேலும் கீழும் எடுத்தால், மேல் பக்கம் 16 செகண்ட், 64 செகண்ட் என்று போகும். அந்த ஷாட்டுகளால் ஒரு பயனும் இல்லை. நமக்குத் தேவை கீழ்ப்பக்கம் மட்டும்தான். ஆகவே கால் செகண்டை நடுவாக வையுங்கள். ஐந்து ஷாட், இரண்டு ஸ்டாப் இடைவெளி: 1/60, 1/15, 1/4, 1, 4. முதலாவது வண்ணக் கண்ணாடிக்கு, கடைசியானது பெஞ்சுகளுக்கு. வெயில் நேராகக் கண்ணாடியில் விழுகிறதென்றால் 1/250-ல் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கம் என்று மெனுவில் ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். இல்லாவிட்டால் நாலு செகண்ட் ஷாட்டுக்கு அப்புறம் கேமரா இன்னொரு நாலு செகண்ட் சும்மா யோசித்துக்கொண்டிருக்கும்.

கண்ணாடி ஓடு

ஓட்டுக் கூரை போட்ட கோயில்களில் நடுநடுவே ஒரு கண்ணாடி ஓடு வைத்திருப்பார்கள், வெளிச்சத்துக்காக. நம் தாத்தா வீட்டு அடுக்களையிலும் இருந்ததுதான். வெயில் நேரத்தில் அது வழியாக ஒரு கட்டி வெளிச்சம் தரையில் விழுந்து கிடக்கும். சாம்பிராணி போட்டு முடித்த பிறகு போனால் அந்த வெளிச்சம் கூரையிலிருந்து தரை வரைக்கும் கம்பமாகவே தெரியும். எனக்கு ஒரு கோயிலில் பிடித்த இடம் எதுவென்றால் பெரும்பாலும் இதுதான்.

இதை எடுக்கப் பொறுமை வேண்டும். எட்டு மீட்டர் உயரக் கூரையிலிருந்து விழுகிற வெயில் துண்டு தரையில் நிமிஷத்துக்கு மூன்று நாலு சென்டிமீட்டர் நகரும். பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும் துண்டு முக்கால் மணி நேரத்தில் நடுப்பாதைக்கு வந்துவிடும் என்று அளந்தே சொல்லலாம். கேமராவை வைத்து, ஃபோகஸ் செய்து, காத்திருங்கள். வந்ததும் ஐந்து பிராக்கெட்டையும் தொடர்ச்சியாக அடித்துவிடுங்கள். இடையில் நிறுத்தி ஃபோன் எடுத்தால் துண்டு நகர்ந்து, சேர்க்கும்போது தரையில் இரட்டை ஓரம் விழும். வெளிச்சத் துண்டுக்கு 1/60 ஷாட்டில் உள்ளதையே பயன்படுத்துங்கள். அப்போதுதான் சிமென்டின் மெழுகு வழவழப்பு தெரியும்.

சுவரில் இருக்கும் எழுத்து

நூற்றாண்டு மலர்க்காரர்கள் மறக்காமல் கேட்பது நினைவுப் பலகைகள். வெள்ளைச் சலவைக்கல்லில் எழுத்தைக் குடைந்திருப்பார்கள், உள்ளே பூசிய கறுப்பு உதிர்ந்துபோயிருக்கும். நேராக எடுத்தால் வெறும் வெள்ளைக் கல். ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைக் கல்லும் நடுவில் ஒரு வெள்ளை உருண்டையும்.

செய்ய வேண்டியது இது. கேமராவைப் பலகையின் நடுவுக்கு நேராக, மட்டமாக வையுங்கள். ஷட்டர் எட்டு செகண்ட், எஃப் 8, மற்றபடி இருட்டு. சாதாரண எல்இடி டார்ச் ஒன்றின் முனையில் கறுப்புச் சார்ட் பேப்பரைக் குழலாகச் சுற்றிக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்ததும் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நின்று, வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி டார்ச்சைப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக ஒரு தடவை இறக்குங்கள். ஒவ்வொரு எழுத்தின் குழியிலும் ஒரு பக்கம் நிழல் விழும். கண்ணால் படிக்க முடியாதிருந்த வருஷம்கூடப் படத்தில் வந்து நிற்கும். டார்ச்சை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அந்த இடம் வெளிறும். ஒரு பக்கம் மட்டும் பிரகாசமாக இருந்தால் வலது பக்கத்திலிருந்து இன்னொன்று எடுத்துப் பாருங்கள். சில எழுத்துக்கு அதுதான் பொருந்தும். பித்தளைப் பலகை என்றால் உங்கள் உருவமே அதில் தெரியும், கறுப்புத் துணியைக் கேமராவைச் சுற்றி விரித்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

இந்த எழுத்துகளைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பணி ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912-ல் காலமானார், அவருடைய நினைவிடம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இருக்கிறது. ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் அவருடைய மாமனார். பெர்சிவல் கண்ணை மூடியது இதே ஏற்காட்டில்தான். அப்படி யார் பெயர் எந்தக் கல்லில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோயிலுக்குள் போனால் எல்லாப் பலகையையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கல்யாணமும் கைப்பிடியும்

கல்யாணத் திருப்பலியில் டிரைபாடுக்கு இடமிருக்காது. எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 1/50. இருட்டான கோயிலிலும் இது ஓடும். 1/50 ஏன் என்றால், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்குகள் செகண்டுக்கு நூறு தடவை துடிக்கும். 1/50, 1/100 என்று வைத்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். 1/160, 1/250 என்று ஏற்றினால் மணமகள் முகத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். சைலன்ட் ஷட்டரில் இது இன்னும் மோசம்.

ஃபிளாஷ் வேண்டாம் என்று ஃபாதர் சொன்னால் வாதாடாதீர்கள், நமக்கும் அதனால் லாபம்தான். வழிகாட்டி எண் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 36 உள்ள ஃபிளாஷ், ஐஎஸ்ஓ 100, எஃப் 8-ல் நாலரை மீட்டர்தான் எட்டும். அதற்கு அப்பால் கோயில் முழுவதும் குகையாகிவிடும்.

ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்கள் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள், இருட்டில் அது குழம்பிவிடும். ஒன்று எக்ஸ் லென்ஸில், பெஞ்சின் முதுகுப் பலகை மேல் ஃபோனைச் சாய்த்து, நைட் மோடில், ஜன்னலைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, டைமரில் எடுங்கள். வாட்ஸ்அப்புக்கு அது தாராளம்.

நிறமும் சேர்ப்பும்

மூட்டத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு வொயிட் பேலன்ஸை 6500 முதல் 7500 கெல்வின் வரைக்கும் வைத்துப் பார்ப்பேன். பீடத்துத் துணி வெள்ளையாகத் தெரிந்தால் போதும், மெழுகுவர்த்தி மஞ்சளாகவே எரியட்டும். நீலக் கண்ணாடி வழியாக வந்து சுவரில் விழுந்த நீலத்தைச் சரிசெய்ய நினைக்காதீர்கள். அது அங்கே நிஜமாகவே இருக்கிறது.

ஐந்து ஷாட்டையும் எச்டிஆர் என்று ஒரே அழுத்தில் சேர்த்தால் வருவது பெரும்பாலும் காலண்டர் படம். நான் நாலு செகண்ட் ஷாட்டை அடியில் போட்டு, ஜன்னல்களை மட்டும் 1/60-லிருந்து மென்மையான மாஸ்க் வைத்து ஒட்டுவேன். மெழுகுவர்த்திச் சுடரை ஏதாவது ஒரு ஷாட்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு திரியில் மூன்று சுடர் நிற்கும். சேர்த்து முடித்ததும் ஒரு சோதனை: ஜன்னல் பக்கத்துச் சுவரைவிட ஜன்னல் பிரகாசமாக இருக்கிறதா? சுவர் ஜன்னலைவிட வெளுப்பாக வந்துவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்குக் காரணம் தெரியாமலே பொய்யென்று படும். கூரை உத்தரங்களைப் பாதிக்கு மேல் தூக்காதீர்கள். நேரில் போய் நிற்கும்போதும் அவை அரைகுறையாகத்தான் தெரிகின்றன.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு காரியம். குளிர்ந்த கேமராவைச் சேலம் வெக்கையில் உடனே பையிலிருந்து எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். அரை மணி நேரம் ஜிப்பைத் திறக்காதீர்கள். பைக்குள் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் துடைத்தெடுக்கிற செலவு லென்ஸ் விலையில் பாதி.

மலருக்குப் போகிற படம் என்றால் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துப் பாருங்கள். ஆர்ட் பேப்பரில் மை ஏறும்போது இருண்ட பகுதிகள் இன்னும் இருண்டுபோகும், நிழல்களை அரை ஸ்டாப் தூக்கித்தான் அனுப்ப வேண்டும். அச்சகத்தில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ப்ரூஃப் கேளுங்கள், தயங்கினாலும் கொடுப்பார்கள். பலகைப் படங்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கோயில் பெயரும் எடுத்த தேதியும் எழுதி ஒட்டி, பங்கு அலுவலகத்தில் ஒன்று, உபதேசியாரிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள்.